ஆறு பொன்முடிகளும் ஒரே கூடத்தில்: கியோங்ஜு கண்காட்சி நமக்கு என்ன காட்டுகிறது?

2025 அக்டோபர் 29 அன்று தென்கொரியாவின் கியோங்ஜு நகரில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் வைத்து, அந்நாட்டு அதிபர் லீ ஜே-மியோங் அமெரிக்க அதிபர் டிரம்புக்கு ஒரு பொன்முடியைப் பரிசாகக் கொடுத்தார். அசல் இல்லை, நகல்தான். அமெரிக்கத் தெருக்களில் டிரம்பை எதிர்த்து 'மன்னர்கள் வேண்டாம்' என்று மக்கள் ஊர்வலம் போய் இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை, அதனால் இணையத்தில் கேலிக்குப் பஞ்சமே இல்லை. அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்காமல் விட்டது, அதே அருங்காட்சியகத்தில் அப்போது தயாராகியிருந்த கண்காட்சியை. சில்லா அரசின் பொன்முடிகள் என்று இதுவரை கிடைத்தவை மொத்தம் ஆறு. அந்த ஆறும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக வைக்கப்பட்டது வரலாற்றில் அதுதான் முதல் முறை. முதல் முடி மண்ணிலிருந்து வெளிவந்தது 1921இல், ஆக 104 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பின் உச்சிமாநாட்டுக்கு வந்த தலைவர்கள் போன பிறகு, நவம்பர் 2 முதல் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். கூட்டம் தாங்கவில்லை. அரை மணிக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது, டிசம்பரில் முடிய வேண்டியதை 2026 பிப்ரவரி வரை நீட்டித்தார்கள். கண்காட்சிக்கு அவர்கள் வைத்த தலைப்பு அதிகாரமும் மதிப்பும் என்ற பொருள் தருவது. தலைப்பில் தப்பில்லை. ஆனால் இந்த முடிகள் அதிகாரத்தைப் பற்றிச் சொல்வதைவிடச் சாவைப் பற்றியும், கல்லறை கட்டும் முறையைப் பற்றியும், அந்தக் கல்லறைகளை யார் எந்த அவசரத்தில் தோண்டினார்கள் என்பதைப் பற்றியும்தான் அதிகம் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் சில்லா என்பது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கொரியத் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில் இருந்த அரசு. மரபுப்படி கி.மு. 57இல் தொடங்கி கி.பி. 935 வரை நீடித்தது. வடக்கே கோகுர்யோ, மேற்கே பெக்ஜே என்று இரண்டு பெரிய போட்டியாளர்கள். ஏழாம் நூற்றாண்டில் சீனத்துத் தாங் பேரரசோடு சேர்ந்து அந்த இருவரையும் வீழ்த்தி, தீபகற்பத்தின் பெரும்பகுதியைச் சில்லா தன் கீழ் கொண்டுவந்தது. இத்தனை நூற்றாண்டுகளும் தலைநகர் கியோங்ஜுதான். பொன்முடிகள் இதில் ஒரு சிறு துண்டுக் காலத்தைச் சேர்ந்தவை, ஐந்தாம் நூற்றாண்டும் ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியும். அரசர்கள் அப்போது 'மாரிப்கான்' என்ற பட்டத்தோடு ஆண்டார்கள், எல்லாரும் கிம் குலத்தவர். அந்தக் குலத்தின் முதல்வன் காட்டில் ஒரு மரக்கிளையில் தொங்கிய பொற்பேழைக்குள் குழந்தையாகக் கிடைத்தான் என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட கதை. இதை மனதில் வைத்துக்கொண்டு முடியைப் பாருங்கள்.

டிரம்புக்கு நகலாகப் போனது சோன்மாச்சோங் கல்லறையில் கிடைத்த முடி. உயரம் 32.5 செ.மீ. அடியில் தலையைச் சுற்றி வரும் ஒரு பொன்பட்டம். அதன் முன்பக்கம் மூன்று கிளைமரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கிளைகள் இயற்கையாக வளைந்து போவதில்லை, செங்கோணத்தில் மடங்கி நேராக மேலே ஏறுகின்றன, ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு அடுக்கு. பின்பக்கம் இரண்டு மான்கொம்புகள். இவை எல்லாவற்றிலும் வட்டமான சின்னப் பொன் வில்லைகளும், காற்புள்ளி போல வளைந்த பச்சைக் கற்களும் பொன்கம்பியில் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. மூச்சுக்காற்று பட்டாலே ஆடும் அமைப்பு. நிமிர்ந்து நிற்கும் பகுதிகள் தனித்தனியாக வெட்டி எடுத்து, பட்டத்தோடு சின்னச் சின்ன ஆணிகளால் பிணைத்தவை. விளிம்பு ஓரமாகப் புள்ளி புள்ளியாகத் தட்டி வரிசை எழுப்பியிருப்பார்கள். அது பார்வைக்கு அழகு மட்டுமில்லை, மெல்லிய தகட்டுக்குக் கொஞ்சம் விறைப்பும் தரும்.

பொன்னின் தரம் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் நகைக்கடைக்குப் போனால் 916 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்தக் கணக்கில் இவை கொஞ்சம் குறைவு: ஆறு முடிகளையும் சோதித்ததில் பொன் 80 முதல் 90 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 19 முதல் 21 காரட், மிச்சம் பெரும்பாலும் வெள்ளி. பழைய முடிகளில் பொன் அதிகம், பிந்தியவற்றில் குறைவு. கஞ்சத்தனமாக இருக்கலாம். ஆனால் முடி பெரிதாகப் பெரிதாக, அலங்காரம் கூடக் கூட, கலப்பில்லாத மெத்தென்ற பொன்னால் அவ்வளவு உயரமாக நிற்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சரி, இதை யாராவது தலையில் வைத்துக்கொண்டு நடந்திருப்பார்களா? இந்தச் சண்டை கொரிய ஆய்வாளர்களிடம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தகடு அத்தனை மெல்லிசு, பக்கவாட்டில் பிடிமானம் கிடையாது, தலையைத் திருப்பினால் கொம்புகள் ஆடும். அதைவிட முக்கியம், கல்லறையில் அது இருந்த நிலை. தோண்டிப் பார்த்தபோது முடி நெற்றிக்கு மேலே இல்லை, முகத்தை மூடி மோவாய் வரை இறங்கியிருந்தது. கிளைமரங்களின் நுனிகள் தலைக்கு மேலே ஒன்றாகக் குவிந்திருந்தன. அதாவது இறந்தவரின் முகத்தை மறைக்கும் உறையாக அதைப் போட்டிருக்கிறார்கள். இதை வைத்து, இது பிணத்துக்கென்றே செய்த பொருள் என்கிறார்கள் ஒரு சாரார். சடங்குகளில் அணிந்ததைத்தான் கடைசியில் அப்படிப் போர்த்தினார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு முதல் தரப்பு வாதம்தான் வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் அருங்காட்சியகங்கள் என்னவோ முடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத ஓர் அரசன் தலையில் இருப்பதுபோல ஒளி பாய்ச்சித்தான் காட்டுகின்றன, பார்ப்பவரும் மன்னனின் கிரீடம் என்றே நினைத்துக்கொண்டு போகிறார்.

மன்னன் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. கியோங்ஜுவின் மிகப் பெரிய கல்லறை ஹ்வாங்னாம்தேச்சோங். இரண்டு மண்மேடுகள் ஒட்டிப் பிறந்த இரட்டைக் கல்லறை, நீளம் 120 மீட்டர், உயரம் 20 மீட்டருக்கும் மேல். தெற்கு மேட்டில் சுமார் 60 வயது ஆண், வடக்கு மேட்டில் பெண். கணவன் மனைவி என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். வடக்கு மேட்டில் கிடைத்த ஒட்டியாணத்தின் முனையில் சீமாட்டியின் இடைக்கச்சை என்று எழுத்தே இருக்கிறது. பொன்முடி யாரிடம் இருந்தது? அந்தப் பெண்ணிடம். ஆணின் முடி பொன்முலாம் பூசிய வெண்கலம். அவர்தான் அரசர் என்றால் அவருக்கு ஏன் முலாம், மனைவிக்கு ஏன் அசல் என்ற கேள்விக்கு இதுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை. இன்னொரு முடி, கும்னியோங்ச்சோங் கல்லறையில் கிடைத்தது, அளவில் சிறியது, பச்சைக் கற்களே இல்லாதது. அது ஒரு சின்னப் பிள்ளையோடு புதைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ஆக ஆட்சியில் அமர்ந்தவருக்கான சின்னம் என்பதைவிட, குறிப்பிட்ட குடும்பத்தில் பிறந்து இறந்தவருக்கான மரியாதை என்று பார்த்தால் கணக்கு ஓரளவு நேராகிறது.

இப்போது எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயத்துக்கு வருவோம். சில்லாவைப் 'பொன்னின் அரசு' என்று உலக அருங்காட்சியகங்கள் விளம்பரப்படுத்துகின்றன. 2013இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நடத்திய சில்லா கண்காட்சிக்கும் இதே பொருளில்தான் பெயர். ஆனால் கோகுர்யோவிலும் பெக்ஜேயிலும் பொன் இல்லாமலா போனது? அங்கே அரச குடும்பத்தின் கல்லறைகள் கல்லால் கட்டிய அறைகள், பக்கவாட்டில் நுழைவாயில் உண்டு. பின்னால் இறப்பவரையும் உள்ளே கொண்டுவந்து வைக்க வசதி. அதே வசதி திருடனுக்கும். வாயிலைக் கண்டுபிடித்தால் போதும், உள்ளே நடந்து போய் அள்ளிக்கொண்டு வரலாம். பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் அள்ளினார்கள். பெக்ஜேயில் தப்பியது மன்னர் முர்யோங்கின் கல்லறை, 1971இல் தற்செயலாகக் கிடைத்தது.

சில்லாவின் மாரிப்கான் காலத்துக் கல்லறை வேறு மாதிரி. தரையில், அல்லது ஆழமில்லாத குழியில், மரப்பலகையால் ஓர் அறை. அதற்குள் சவப்பெட்டி, தலைமாட்டில் பொருள்கள் நிறைந்த இன்னொரு பெட்டி. அறையை மூடிவிட்டு அதன்மேல் ஆற்றுக் கற்களை மலையாகக் குவிப்பார்கள், ஆயிரக்கணக்கில். அதற்கு மேல் களிமண்ணும் மண்ணும் கொட்டி மேடாக்குவார்கள். வாசலே கிடையாது, ஒருமுறை மூடினால் மூடியதுதான். காலப்போக்கில் மரம் உளுத்துப்போய், மேலே இருந்த கற்கள் மொத்தமாக உள்ளே சரிந்து எல்லாவற்றையும் அழுத்திவிடும். திருடன் சுரங்கம் தோண்டினால் கல் அவன் தலைமேல்தான் விழும், எடுக்க எடுக்கச் சரியும். பாத்திரமும் கண்ணாடியும் நொறுங்கின, எலும்பு கரைந்தது, ஆனால் பொன் நசுங்கியதே தவிர அழியவில்லை. ஆக இந்த ஆறு முடிகளும் இன்று நம் கண்ணுக்குத் தெரிவது சில்லாக்காரர்களிடம் மட்டும் பொன் கொட்டிக் கிடந்ததால் அல்ல. அவர்கள் கற்குவை வைத்துப் புதைத்ததால். ஆறில் ஒன்று மட்டும் திருடர்கள் கை வழியாக வந்தது, க்யோதோங் என்ற இடத்தில் எடுத்துக் கடைசியில் 1972இல் மீட்கப்பட்டது. அதற்கு மட்டும் உடன் கிடந்த பொருள் என்ன, யாருடைய கல்லறை என்ற எந்தத் தகவலும் இல்லாமல் போனது.

திருடன் தோண்டியதைச் சொல்கிறோம், அதிகாரிகள் தோண்டிய கதை அதைவிடப் பெரிதாக ஒன்றும் உயர்ந்ததில்லை. 1921 செப்டம்பரில், ஜப்பானிய ஆட்சியின் போது, கியோங்ஜுவில் ஒரு வீட்டை விரிவாக்க மண் வெட்டினார்கள். அந்த மண்ணில் கிடைத்த கண்ணாடி மணிகளை வைத்துப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்ததை ஒரு போலீஸ்காரர் கவனித்தார். அப்புறம் என்ன, உள்ளூர் ஜப்பானியர்கள் சிலர் சேர்ந்து நான்கே நாளில் கல்லறையைக் காலி செய்துவிட்டார்கள். தொல்லியல் படித்தவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்ற வரைபடம் இல்லை. பொன்முடி கிடைத்ததால் அந்த இடத்துக்குக் கும்க்வான்ச்சோங், பொன்முடிக் கல்லறை, என்றே பெயர் வைத்தார்கள். அங்கே கிடைத்த ஒரு வாளைப் பல பத்தாண்டுகள் கழித்துத் துருநீக்கிச் சுத்தம் செய்தபோதுதான் 'இசாஜி அரசன்' என்ற எழுத்து தெரிந்தது, 2013இல்! அந்தப் பெயரில் ஓர் அரசன் எந்தப் பழைய நூலிலும் இல்லை, அவன் யார் என்ற விவாதம் இன்னமும் ஓயவில்லை.

அந்தப் பொருள்களைச் சியோலுக்குக் கொண்டுபோக அரசு நினைத்தது. ஊர்மக்கள் விடவில்லை. பணம் திரட்டி 1923இல் ஊரிலேயே ஒரு காட்சிக்கூடம் கட்டினார்கள். இன்றைய கியோங்ஜு அருங்காட்சியகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1927 டிசம்பரில் அந்தக் கூடத்தில் திருட்டு. பொன்முடியை விட்டுவிட்டு மற்ற பொன்பொருள்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருடம் அவை போலீஸ் அதிகாரியின் வீட்டு வாசலில் ஒரு மூட்டையாகக் கிடந்தன. எடுத்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

சோபோங்ச்சோங் கல்லறையின் கதை இன்னும் மோசம். 1926இல் கியோங்ஜு ரயில் நிலைய வேலைக்கு மண்ணும் சரளையும் தேவைப்பட்டன, அதற்காகத்தான் அந்த மேட்டில் கைவைத்தார்கள். அப்போது கிழக்காசியப் பயணத்தில் இருந்த சுவீடன் பட்டத்து இளவரசர் குஸ்தாவ் அடோல்ஃபுக்குத் தொல்லியலில் ஆர்வம் என்று தெரிந்து, அவரை அழைத்து வந்து அவர் கையால் முடியை எடுக்க வைத்தார்கள். கல்லறைப் பெயரின் முதல் எழுத்தே சுவீடனைக் குறிப்பது. மிச்சம், முடியின் உச்சியில் இருக்கும் பறவைகளால் வந்தது. தோண்டிய கொய்சுமி அகியோ அறிக்கை எழுதவே இல்லை. பிறகு அவர் பியோங்யாங் அருங்காட்சியகத்தின் தலைவராகி, 1935இல் இந்தப் பொருள்களை அங்கே காட்சிக்கு வைத்தார். காட்சி முடிந்த விருந்தில், ஆடல் பாடலுக்கு வந்திருந்த ஒரு கிசெங் பெண்ணின் தலையில் அந்த முடியை வைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு படம் பத்திரிகையில் வந்து பெரிய அமளியானது. அறிக்கை இல்லாத குறையைத் தீர்க்கக் கொரியத் தேசிய அருங்காட்சியகம் 2016–17இல் அதே இடத்தை மறுபடி தோண்ட வேண்டியிருந்தது. இன்று இந்த முடியின் முன் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இதெல்லாம் தெரியும்?

விடுதலைக்குப் பிறகும் அவசரம் போய்விடவில்லை. மேலே சொன்ன முர்யோங் கல்லறையை 1971இல் கொரிய ஆய்வாளர்களே, செய்தியாளர் கூட்டத்தின் நெருக்கடியில், ஒரே இரவில் காலி செய்தார்கள். பின்னாளில் அவர்களே வெட்கப்பட்டுப் பேசிய விஷயம் அது. அந்தச் சூடு ஆறுவதற்குள், கியோங்ஜுவைச் சுற்றுலா நகராக்கும் திட்டத்தில் அதிபர் பார்க் சுங்-ஹீ மிகப் பெரிய கல்லறையையே தோண்டச் சொன்னார். அதில் கைவைக்கப் பயந்த ஆய்வாளர்கள், பயிற்சிக்காகப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மேட்டை 1973இல் முதலில் திறந்தார்கள். ஒன்றும் பெரிதாக இருக்காது என்று நினைத்த அந்த மேட்டில்தான் பொன்முடியும், பிர்ச் மரப்பட்டையில் வரைந்த வெள்ளைக் குதிரையும் கிடைத்தன. சோன்மாச்சோங், வானக்குதிரைக் கல்லறை, என்ற பெயர் அதனால்தான். அந்தக் கோடையில் மழை பொய்த்திருந்தது, மன்னர் கல்லறையில் கைவைத்ததுதான் காரணம் என்று ஊரார் திட்டினார்கள், முடியை எடுத்த அன்று இடியும் மழையுமாகக் கொட்டியது என்று தோண்டியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதையைக் கியோங்ஜுவில் இன்றும் சொல்வார்கள்.

குதிரை என்று சொன்னது ஓவியச் சட்டத்துக்குள் இருந்த படம் இல்லை. சேணத்தின் இரு பக்கமும் தொங்கவிட்டு, சேறு தெறிக்காமல் தடுக்கும் பட்டை அது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதை எப்போதாவதுதான் வெளியே வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பொன்முடியைவிட அதுதான் பெரிய அதிசயம். 1500 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த மரப்பட்டையில் குதிரையின் பிடரி மயிர் இன்னும் பறக்கிறது.

முடிகளோடு கிடைத்த சில பொருள்களும் யோசிக்க வைப்பவை. ஹ்வாங்னாம்தேச்சோங் தெற்கு மேட்டில் பறவைத்தலை வாயுடன் ஒரு கண்ணாடிக் குடுவை கிடைத்தது, மேற்கே ரோமானிய உலகின் பாணியில் செய்தது. அதன் கைப்பிடி அந்தக் காலத்திலேயே உடைந்திருக்கிறது, அதைப் பொன்கம்பி சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் எது விலை உயர்ந்தது, எது கைக்கெட்டும் பொருள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. முடியில் தொங்கும் பச்சைக் கற்களில் பல, ஜப்பானின் இத்தோய்கவா பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொரியாவில் இதை எல்லாரும் விரும்பி ஏற்பதில்லை. கிளைமரமும் மான்கொம்பும் வடக்கே புல்வெளி நாடோடிகளின் பழக்கம் என்றொரு பழைய கருத்து உண்டு, மரக்கிளையில் தொங்கிய பொற்பேழைக் கதையைக் காட்டி இது உள்ளூரிலேயே வளர்ந்தது என்பவர்களும் உண்டு.

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் கண் விரிய 'கொரிய இளவரசி தமிழச்சி' கதையைத் தொடங்குவார்கள். அந்தக் கதை சில்லாவைப் பற்றியதே அல்ல, பக்கத்தில் இருந்த காயா அரசைப் பற்றியது. கடல் கடந்து வந்து அங்கே அரசனை மணந்த ஓர் இளவரசியைப் பற்றி 13ஆம் நூற்றாண்டு நூலில் வரும் ஒரு தொன்மம், அவ்வளவுதான். உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் சின்னப் பாசிமணிகளைப் பாருங்கள். புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் செய்த அதே வகை, கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிய ஒற்றை நிற மணிகள், பழைய கொரியக் கல்லறைகளிலும் குவியலாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தத் தொழில் மன்னார் பக்கத்து மாந்தைக்கும் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் பரவியிருந்தது, ஆகவே கியோங்ஜுவில் கிடைக்கும் ஒரு மணியை எடுத்து இது எங்கள் ஊருடையது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் கிடைக்கும் பெரிய லாபம், வரிசை கண்ணுக்குத் தெரிவது. க்யோதோங் முடியில் மூன்று எளிய கிளைகள், கொம்பு இல்லை, பச்சைக் கல் இல்லை. ஹ்வாங்னாம்தேச்சோங் முடியில் எல்லாம் வந்துவிடுகிறது, மூன்று அடுக்குக் கிளைமரம், மான்கொம்பு, நிறையப் பச்சைக் கற்கள். கும்க்வான்ச்சோங்கும் சோபோங்ச்சோங்கும் அதே வாய்ப்பாடு. கும்னியோங்ச்சோங்கிலும் சோன்மாச்சோங்கிலும் அடுக்கு நான்காகிறது. அதோடு சரி, நின்றுவிடுகிறது. 502இல் மன்னர் ஜிஜுங், இறந்த அரசரோடு ஆட்களைப் புதைக்கும் வழக்கத்தைத் தடை செய்தார். 527இல் பௌத்தம் அரசின் ஏற்பைப் பெற்றது. கல்லறைகள் சமவெளியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போயின, கற்குவைக்குப் பதில் வாயில் வைத்த கல் அறைகள் வந்தன, பொன் விகாரைக்கும் புத்தருக்கும் போகத் தொடங்கியது. சில்லா அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே பெரிய அரசானது. அப்படி வளர்ந்த காலத்து அரசர்களிடம் இப்படி ஒரு முடிகூட நமக்குக் கிடைக்கவில்லை.

கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, ஆறு முடிகளும் கியோங்ஜுவிலேயே இருக்கட்டும் என்று ஊர்க்காரர்கள் குரல் எழுப்பினார்கள். வழக்கமாக மூன்று அங்கே, மற்றவை சியோலிலும் சோங்ஜுவிலும் இருக்கும். 1923இல் அந்த ஊர் செய்ததை நினைத்தால் இந்தக் கோரிக்கை வியப்பில்லை. நியாயமும் அவர்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தலைநகருக்கு வெளியே இவ்வளவையும் குவித்தால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள் என்ற எதிர்க்கேள்வியையும் தள்ளிவிட முடியாது.

இதற்கிடையில் கியோங்ஜுவில் தோண்டும் வேகமே மாறிவிட்டது. ஜ்ஜோக்சேம் பகுதியில் 44ஆம் எண் கல்லறையை 2014இல் தொடங்கி 2023இல்தான் முடித்தார்கள். சுமார் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கல்லறை. பொன்முடி இல்லை, பொன்முலாம் பூசிய வெண்கல முடிதான். ஆனால் அவள் அருகில் கோ என்ற பலகை விளையாட்டின் 860 சொச்சம் காய்கள், பொன்வண்டின் பச்சைச் சிறகு பதித்த குதிரைச் சேணப் பட்டை, அப்புறம் முடிந்து துணி சுற்றிய அவளுடைய தலைமயிர். 1921இன் நான்கு நாள் வேலையில் இந்த மயிரும் துணியும் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.